இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி ஒயர் ஏன்?

2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதால், சமையலறையைப் புதுப்பிக்கும்போது அதற்கென மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுத்து, 6 ஆம்பியருக்குப் பதிலாக 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் பொருத்துவதே முறையாகும். ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்வதால், மின்னோட்டம் இரட்டிக்கும்போது வெப்பம் நான்கு மடங்காகிறது. ஒயருக்கு முன்பே கெடுவது பெரும்பாலும் தளர்ந்த திருகின் அடியிலுள்ள இணைப்புதான். தொடுபரப்பு சுருங்கிய அவ்விடத்தில் மின்தடை கூடிச் சூடேறுவதால், பிளக் முள்ளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முதலில் பழுப்பேறி, பின்னர் உருகத் தொடங்குகிறது.

அளவு மீறிய மின்னோட்டத்தைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. ஒயரைக் காப்பதற்கானதேயன்றி மனிதரைக் காப்பதற்கானதன்று. அடிக்கடி விழுகிறதென்று அதை மட்டும் பெரிதாக மாற்றுவது, பரவலாக நடந்தாலும், ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். மனிதரைக் காப்பது எர்த் ஒயரும் ஆர்.சி.சி.பி.யும் ஆகும். உலோக உடல் கொண்ட கிரைண்டரில் கசியும் மின்சாரத்துக்கு எர்த் எளிய வழி தருகிறது. பிளக்கில் எர்த் முள் நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் தொட்டுப் பிடுங்கும்போது கடைசியில் விலகுவதற்காகவே. ஃபேஸில் செல்லும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் 30 மில்லிஆம்பியர் வேறுபட்டாலே ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. எனினும், இவ்விரண்டு ஒயர்களையும் ஒருசேரத் தொடுபவரின் உடல் வழியே செல்லும் மின்னோட்டம் அவ்வேறுபாட்டை உண்டாக்காதாகையால், வேலைக்கு முன் மெயினை அணைத்து டெஸ்டரால் சோதித்தே ஆகவேண்டும்.