சாலையோர மரம் யாருடைய மரம்?



வங்கிக்கோ சந்தைக்கோ டவுனுக்குப் போகிறோம். பஸ் வரும்வரை எங்கே நிற்கிறோம்? மர நிழலில்தான். பூ, காய்கறி விற்கும் பெண்கள் கடை போட்டிருப்பதும் அங்கேதான். அந்த மரம் போனால் முதலில் வெயிலில் நிற்கப் போவது நாம்தான். ஆனால் அதை வெட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது நம்மை யாரும் கேட்பதில்லை. நாமும் போய்ச் சொல்வதில்லை.

"மரம் வேணுமா?" என்று கேட்டால் எல்லாரும் "வேணும்" என்பார்கள். "உங்க வாசல்ல இருக்கட்டுமா?" என்று கேட்டால் பதில் மாறிவிடும். இலை கொட்டுது, யார் கூட்டுறது? கரண்ட் கம்பியில உரசுது. வேர் சுவரைப் பிளக்குது. கடை போர்டை மறைக்குது. இவை பொய்யான குறைகள் அல்ல. வாசல் கூட்டும் நமக்கு அந்த அலுப்பு நன்றாகவே தெரியும். ஆனால் உரசுகிற கிளையை மட்டும் கழித்தால் போதும் என்ற இடத்தில் முழு மரத்தையும் சாய்ப்பது சரியா?

இன்னொன்று பயம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அதுபோன்ற புயலுக்குப் பிறகு "மரம்னாலே ஆபத்து" என்ற பேச்சு கிளம்பும். காற்றின் வேகம் ஒரு காரணம். தூங்குமூஞ்சி, செம்மயிற்கொன்றை போல சீக்கிரம் வளரும் வெளிநாட்டு மரங்களை நிறைய நட்டதும் ஒரு காரணம். ஆனால் மனிதர்கள் செய்வதும் உண்டு. அடிமரம் வரை சிமெண்ட் போட்டால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. சாக்கடைக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது வேர் அறுபடும். ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டினால் பாரம் மறுபக்கம் சாயும். இப்படி பலவீனமான மரம்தான் காற்றில் முதலில் விழும்.

"ஒண்ணு வெட்டினா பத்து கன்னு வைக்கிறோமே" என்பார்கள். வைப்பது நல்லதுதான். ஆனால் ஐம்பது வயது புளியமரத்தின் நிழலைப் பத்து கன்று நாளைக்கே தந்துவிடாது. கூண்டும் தண்ணீரும் இல்லாவிட்டால் ஆடு மேய்ந்துவிடும்.

கர்நாடகத்தில் கூலி வேலை செய்த சாலுமரத திம்மக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹுளிகல் - கூதூர் சாலையில் சுமார் 4 கிலோமீட்டருக்கு 385 ஆலமரங்களை அவரும் கணவரும் வளர்த்தார்கள். நட்டதோடு நிற்கவில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், முள்வேலி கட்டினார்கள். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் மாநிலத்தில் 2021-இல் மாவட்டம்தோறும் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர்தான் அதன் தலைவர். அரசு நிலத்தில், சாலையோரத்தில் உள்ள மரத்தை வெட்ட இந்தக் குழுவின் அனுமதி வேண்டும். எனவே "கவர்ன்மெண்ட் மரம், நமக்கென்ன" என்று இருக்க வேண்டாம்.

குழுவாக நாம் செய்யக்கூடியவை:

1. மரம் வெட்ட ஆள் வந்தால், "பசுமைக் குழு அனுமதி இருக்கா?" என்று கேளுங்கள். ஒருவராக அல்ல, நான்கு பேராகப் போய்க் கேளுங்கள்.

2. பதில் சரியில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மரம் நிற்கும் இடம், என்ன மரம், எத்தனை என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

3. கம்பியில் உரசும் கிளைக்கு மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். நாமே ஏறி வெட்டக் கூடாது, உயிருக்கு ஆபத்து.

4. சிமெண்ட் தளம் போடும்போது அடிமரத்தைச் சுற்றி மண் விடச் சொல்லுங்கள். மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் மாட்ட விடாதீர்கள்.

5. புதிதாக நட்டால் வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் என்று நம் மண்ணுக்கு ஏற்றதை, கம்பிக்குக் கீழே இல்லாமல் பார்த்து நடுங்கள். எந்த வாரம் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

பட்டுப்போன மரம், விழப்போகிற மரம் இருந்தால் அதையும் மனுவில் எழுதி அகற்றச் சொல்லுங்கள். மரத்தைக் காப்பது என்றால் எதையுமே வெட்டக் கூடாது என்று அர்த்தம் இல்லை. எதை வெட்டுவது, எதை விடுவது என்று கேட்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.

வரும் மாதக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் பத்து நிமிஷம் இதைப் பேசுங்கள். உங்கள் பஸ் நிறுத்தத்தில், சந்தையில் எத்தனை மரம் இருக்கிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். கணக்கில் இருந்தால்தான், காணாமல் போனால் கேட்க முடியும்.