அறுத்துப் போடும் புல், அலைந்து மேயும் ஆடு

பசுந்தீவனம் பயிரிட்டால் லாபம் வருமா என்று யாராவது கேட்டால் ஒரு கணக்கு எப்போதும் தயாராக இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்தான் அந்தக் கணக்கின் நாயகன். நட்ட 75 நாளில் முதல் அறுப்பு, அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒன்று. ஆக வருஷத்துக்கு ஏழு அறுப்பு, ஏக்கருக்கு 150 டன். கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ என்று வைத்தால் வருஷத்துக்கு ஒன்பது டன் போகும். அப்படியானால் ஒரு ஏக்கர் புல் பதினாறு மாட்டைத் தாங்கும். இதெல்லாம் காகிதத்தில் கட்டிய மாடு. சித்திரை, வைகாசியில் கிணறு தரை தட்டும் திருநின்றவூர்ப் பக்கத்தில் பாதி தேறினாலே கெட்டிக்காரத்தனம்.

பாதி என்றாலும் எட்டு மாடு. புண்ணாக்கு விற்கிற விலையில் அது சின்ன விஷயமில்லை. ஆவடியும் பட்டாபிராமும் பால் வாங்கக் காத்திருக்கும்போது, பத்து சென்ட்டில் கரணை ஊன்றியவர்கள்கூட நஷ்டப்பட்டதாகச் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். புல்லை மட்டும் போட்டு மாட்டை ஏமாற்ற முடியாது. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் போட வேண்டும் என்று பல்கலைக்கழகமே சொல்கிறது. புரதம் அதில்தான் இருக்கிறது. வரப்பில் நாலு அகத்தி நின்றால் இன்னும் நல்லது. கரணை வாங்க அலைகிறவர்கள் வேலிமசால் விதையைக் கேட்டு வாங்குவது அபூர்வம். மாட்டுக் கதையை இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நிலமும் மோட்டாரும் கட்டுத்தறியும் உள்ளவருக்கு வழி தெரிந்துவிட்டது.

நிலமே இல்லாமல் முப்பது, நாற்பது செம்மறி வைத்திருக்கிறவர் கதை வேறு. இந்தத் திருவள்ளூர் மாவட்டத்தின் சொந்த ஆடு மெட்ராஸ் ரெட். செம்பழுப்பு நிறம், கம்பளி கிடையாது, கறிக்காகவே வளர்ப்பது. காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தை மேம்படுத்தும் வேலை நடக்கிறது. இனம் மேம்படட்டும், நல்லதுதான். மேயும் தரை எது என்ற கேள்விக்கு அங்கேயும் விடை இருக்கப்போவதில்லை. செம்மறி நடந்து மேய்கிற ஜீவன். வெள்ளாடு எட்டிக் கடிக்கும், கொட்டிலில் தழை கட்டித் தொங்கவிட்டால் சமாளித்துக்கொள்ளும். செம்மறி தரையை முகர்ந்துகொண்டே ஐந்தாறு கிலோமீட்டர் போனால்தான் அதற்கு அது ஒரு நாள். பரண் மேல் வளர்த்தால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிற நிபுணர்கள் உண்டு. பரணுக்கு முதல் போட வசதி இருப்பவருக்கு அது சரிப்பட்டு வரலாம்.

முன்பு தரைக்குக் குறை இருந்ததில்லை. சம்பா அறுத்ததும் வயலில் கிடை போடுவார்கள். ராத்திரி ஆடு அடைந்த இடத்துக்கு எரு, ஆட்டுக்காரருக்கு நெல்லோ பணமோ. மற்ற மாதங்களில் மேய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய், கரம்பு. இப்போது கிணறு உள்ள வயலில் சம்பா அறுத்த சூட்டோடு நவரைக்கு உழுதுவிடுகிறார்கள். வைக்கோலும் வயலில் நிற்பதில்லை, இயந்திரம் உருட்டிக் கட்டிய கையோடு லாரி ஏறிவிடுகிறது. செம்மறிக்கு மிச்சம் தாள்கட்டைதான்.

ஆட்டுக்கென்றே வயலில் விதைத்தவர்களும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று நான்கு பயிரைச் சுற்றிச் சுற்றி விதைத்தார்கள். டர்னிப் வயலிலேயே ஆட்டை அடைத்து, தட்டிவேலியை நகர்த்தி நகர்த்தி மேயவிட்டார்கள். ஆட்டுக்குத் தீனி, அடுத்த பார்லிக்கு எரு. நம்மிடம் கிடை இருந்தது, கிடைக்காக விதைக்கிற பழக்கம்தான் பரவவில்லை. விதைக்கப் பயிர் இல்லாமல் இல்லை. நரிப்பயறு என்று ஒன்று இருக்கிறது. ஆந்திராவில் பில்லிபெசரா என்பார்கள். நெல் அறுத்த ஈரத்தில் முளைத்துக்கொள்ளும், உரமாகவும் மடக்கலாம், மேய்க்கவும் செய்யலாம். கொளுஞ்சியில் மாடு வாய் வைக்காது, இதில் வைக்கும். நவரைக்குத் தண்ணீர் இல்லாத ஏரிப்பாசன வயல்களில் இதை ஏன் போடுவதில்லை என்று கேட்டால், வயலையே விற்கப்போகிறோம், பயறு எதற்கு என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வருகிறது. டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் பிறந்த திரூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தும் இதுதான் நிலைமை.

விற்ற வயல்தான் இன்றைய மேய்ச்சல் நிலம். திருநின்றவூர் 2021-ல் நகராட்சி ஆனது. ரயில் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் மனைக்கல் நட்ட பிளாட்டுகள். வாங்கிப் போட்டவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், வீடு கட்டப் பத்து வருஷம் ஆகலாம். அதுவரை அங்கே பார்த்தீனியமும் சீமைக்கருவேலமும் சாப்பாட்டு மிச்சம் கட்டிய பிளாஸ்டிக் பைகளும். ஆடு அந்தப் பையையும் சேர்த்துத்தான் தின்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் போனால் சாலையோர வாய்க்காலில் பச்சைப் பசேலென்று நிற்கும் புல்லில் வாய் வைக்க விடலாமா என்கிற பயமும் சேர்ந்துகொள்ளும்.

2011 செப்டம்பரில் நிலமில்லாக் குடும்பங்களுக்கு நான்கு ஆடு தரும் அரசுத் திட்டம் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். பயன்பெற நிலம் இருக்கக் கூடாது என்பது அதன் விதியாக இருந்தது. விதி நியாயமானது. நான்கு ஆட்டுக்கும் நாளைக்குப் பதினைந்து கிலோ பச்சை வேண்டும், அது அடுத்தவர் தரையிலிருந்துதான் வரவேண்டும். பொதுத்தரையைக் காப்பாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் அதே 2011 ஜனவரியில் பஞ்சாப் வழக்கொன்றில் தீர்ப்புச் சொன்னது. கிராமத்துக் குளத்தையும் மேய்ச்சல் தரையையும் ஆக்கிரமித்தவர்களை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. மேய்க்கால் புறம்போக்கு இன்றைக்கும் பதிவேட்டில் மேய்க்கால்தான்.

காங்கயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். நம் மழையில் ஏறக்குறைய பாதிதான் அங்கே. அப்படியிருந்தும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல் என்று தலைமுறைகளாக ஓடுகிறது. ஒரு காட்டில் மேய்ந்து முடித்ததும் அடுத்ததற்கு மாற்றி, முதல் காட்டுக்கு ஓய்வு கொடுப்பார்கள். தண்ணீர் பாய்ச்சுவதில்லை. ஆனால் அது சொந்தக் காடு, அங்கே வேலி போட உரிமை உண்டு.

அந்தப் புல்லை இங்கே காலி மனையில் விதைக்கலாமே என்பதுதான் என் கட்சி. நீலக் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும் கலந்து, புரட்டாசியில் மழைக்கு முன் தூவினால் போதும், மானாவாரியாக மூன்று நாலு வருஷம் நிற்கும். ஏக்கருக்குச் சுமார் பதினாறு டன் என்பது புத்தகக் கணக்கு. பாதியை வெட்டினாலும் ஐந்து செம்மறிக்கு ஒரு வருஷத் தீனி. கோ 4 எதிரில் இது அற்பம்தான். மோட்டார் வேண்டாம், அரிவாள் வேண்டாம், ஆடே அறுத்துக்கொள்ளும்.

சோளத்தைத் தூவிவிட்டால் இன்னும் சுலபமே என்று நினைக்கக் கூடாது. பூக்காத இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடி மறுபடி துளிர்த்த கட்டையிலும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். வயிறு நிறைய மேய்ந்த ஆடு வீடு வந்து சேராது. முதல் மழைக்குத் திடீரென்று தழைத்த புல்லிலும் பசியோடு விடக் கூடாது. துள்ளுமாரி வரும் காலம் அது, தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியும். மனைக்காரர்களின் பயம் வேறு: ஒரு தடவை மேய விட்டால் இடம் கைவிட்டுப் போகும் என்பது. ஒரு வருஷ ஒப்பந்தம், எழுத்தில் ஒரு கையெழுத்து, களை எடுக்கும் கூலி மிச்சம் என்று நகர் நலச்சங்கங்கள் பேசிப் பார்க்கலாம். பார்த்தீனியம் வெட்ட ஆள் பிடிப்பதற்கு அவர்கள் எப்படியும் வருஷா வருஷம் வசூல் செய்கிறார்கள்.