அரிச்சல்முனையை அளக்கும் நிரல்

எண்முறைப் படச் செயலாக்கம் என்பது, ஒரு படத்தை எண்களின் அடுக்காகக் கொண்டு, அவ்வெண்களைக் கூட்டியும் கழித்தும் ஒப்பிட்டும் அதில் அடங்கியிருக்கும் செய்தியை வெளிக்கொணரும் துறையாகும். மருத்துவமனை ஸ்கேன் முதல் வாகன எண்பலகையைப் படிக்கும் கேமரா வரை பலவற்றுக்கும் இதுவே அடித்தளம். கல்லூரிகளில் இது பெரும்பாலும் சூத்திரங்களாகவே கற்பிக்கப்படுகிறது. ஆயினும் மாணவர் தாமே நிரல் எழுதி, தாம் நன்கறிந்த ஓர் இடத்தின் படத்தில் அதை ஓட்டிப் பார்க்கும்போதுதான் அச்சூத்திரங்கள் எங்கே கைகொடுக்கின்றன, எங்கே காலை வாருகின்றன என்பது விளங்குகிறது. அவ்வாறு கற்பதற்கு இராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனையைப் போலப் பொருத்தமான இடம் தமிழகத்தில் அரிது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் அங்கிருந்த தனுஷ்கோடி ஊரை அழித்தது. அவ்வூருக்கு அப்பால் அரிச்சல்முனை வரை நீளும் மணல்நாக்கின் ஒருபுறம், மீனவர்கள் பெண்கடல் என்றழைக்கும் பாக் நீரிணைப் பக்கம். மறுபுறம், அவர்கள் ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடா. காற்று திசைமாறும் பருவங்களில் மணலும் இடம் மாறுவதால் முனையின் வடிவம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 1972-இல்தான் ஏவப்பட்டது என்பதால், புயலுக்கு முந்தைய கரையை அவ்வரிசையின் படங்களில் காண இயலாது. அதற்குப் பழைய நிலவரைபடங்களையே நாட வேண்டும். பிந்தைய காலத்துக்கோ படங்கள் ஏராளமாக உள்ளன. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் எடுத்துவரும் படங்களை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். அவற்றை அலச பைத்தான் மொழியும், எண்ணடுக்குகளைக் கையாளும் நம்பை என்னும் நிரல்தொகுப்பும், ஒரு சாதாரண மடிக்கணினியும் போதும்.

சென்டினல்-2 படத்தின் நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கு பட்டைகளில் ஒவ்வொரு படப்புள்ளியும் தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பைக் குறிக்கிறது. அதாவது நூறு புள்ளிகள் சேர்ந்தால் ஒரு ஹெக்டேர். கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் பெரிதும் விழுங்கிவிடுகிறது. மணலோ அதை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு, பச்சை மதிப்பிலிருந்து அகச்சிவப்பு மதிப்பைக் கழித்து, வந்த விடையை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்கும் நீர்க்குறியீட்டை ஆய்வாளர் மெக்ஃபீட்டர்ஸ் 1996-இல் முன்வைத்தார். விடை பூச்சியத்துக்கு மேல் இருந்தால் நீர், கீழே இருந்தால் நிலம் என்பது பொதுவிதி.

நிரலில் இது ஒரே வரிதான். ஆனால் புதிதாகக் கற்போர் பலரும் சறுக்குவது இந்த வரியில்தான். எடுத்துக்காட்டாக, ஒரு மணற்புள்ளியின் பச்சை மதிப்பு 2000, அகச்சிவப்பு மதிப்பு 3200 எனக் கொண்டால், கழித்தல் விடை −1200. அதை 5200-ஆல் வகுக்க ஏறத்தாழ −0.23 கிடைக்கும். ஆனால் இப்படங்களின் எண்கள் குறை எண்ணுக்கு இடமளிக்காத 16 பிட் வகையில் சேமிக்கப்படுவதால், அவற்றை அப்படியே கழிக்கும் நிரலில் −1200 என்பது, அவ்வகையில் அடங்கும் எண்களின் எண்ணிக்கையான 65536-இலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டு 64336 ஆகிவிடும். குறியீடு 12-ஐத் தாண்டும். மணல் முழுவதும் கடலாகக் காட்டப்படும். கணினி எந்த எச்சரிக்கையும் தராது. தனுஷ்கோடிச் சாலையைப் படத்தில் தேடி, அது நீருக்குள் கிடப்பதைக் காணும் மாணவரே பிழையை உணர்ந்து, எண்களை முதலில் தசம வகைக்கு மாற்றக் கற்றுக்கொள்கிறார். பொத்தானை அழுத்தினால் விடை தரும் ஆயத்த மென்பொருளில் பழகுவோருக்கு இந்தப் பாடம் வாய்ப்பதேயில்லை.

அடுத்தது வரம்பு மதிப்பு, அதாவது நீரையும் நிலத்தையும் பிரிக்கும் எண். அலை நுரை அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புவதால் நிலம்போலத் தோன்றும். அலை இப்போதுதான் விட்டுச்சென்ற ஈரமணல் நீரை ஒத்திருக்கும். ஆகவே பூச்சியம் எல்லா நாளிலும் சரியான எல்லையாக அமைவதில்லை. ஜப்பானிய அறிஞர் ஒட்சு 1979-இல் வெளியிட்ட முறை, புள்ளிகளின் மதிப்புகள் இரு குவியல்களாகப் பிரியும் இடத்தைத் தானே கண்டறிகிறது. எனினும் பரந்த கடலுக்கு நடுவே மெல்லிய மணற்கீற்று மட்டுமே உள்ள படத்தில், நிலத்தின் குவியல் மிகச் சிறிதாகி முறை தடுமாறக்கூடும். படத்தை முனையையொட்டி வெட்டிக்கொண்டால் பெரும்பாலும் நிலைமை சீராகும். எந்த அளவுக்கு வெட்டுவது என்பதைச் சூத்திரம் சொல்லாது. கரையை அறிந்தவரின் முடிவு அது.

வடிப்பான்களிலும் இதே நிலைதான். படத்தில் ஆங்காங்கே தெறிக்கும் பிழைப்புள்ளிகளை நீக்க இடைநிலை வடிப்பான் பயன்படுகிறது. ஒரு புள்ளியையும் அதைச் சூழ்ந்த எட்டுப் புள்ளிகளையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் ஐந்தாம் மதிப்பை அது எடுத்துக்கொள்ளும். இப்போது அரிச்சல்முனைக்கு அப்பால், இலங்கையின் தலைமன்னார் நோக்கிச் செல்லும் மணல் திட்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 20 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு சிறு திட்டு படத்தில் நான்கே புள்ளிகளாக விழுந்தால், ஒன்பதில் நான்கு சிறுபான்மையாகி, ஐந்தாம் மதிப்பு கடலுக்குரியதாகவே அமையும். திட்டு சுவடின்றி மறையும். பாடநூல் இதைப் பிழைநீக்கம் என்கிறது; அத்திட்டை அடையாளமாகக் கொண்டு படகோட்டும் மீனவருக்கோ அது பிழையான வரைபடம்.

இரு ஆண்டுகளின் கரையை ஒப்பிடும்போது கூடுதல் கவனம் தேவை. படமெடுத்த நேரத்தில் ஓதம் ஏறியிருந்ததா வற்றியிருந்ததா என்பதைப் பொறுத்தே கரைக்கோடு நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமும் கடலை மறைக்கும். மேலும் 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் மதிப்புகளில் 1000 கூட்டப்பட்டு வருவதால், அதைக் கழிக்காமல் பழைய முறைப் படத்துடன் ஒப்பிடும் நிரல், நடக்காத மாற்றத்தை நடந்ததாகக் காட்டக்கூடும்.

நீருக்கடியில் உள்ளதை அறிய வேறு வழி வேண்டும். நீல ஒளியும் பச்சை ஒளியும் நீருக்குள் ஆழமாகச் செல்வதால், அவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடலாம். கலங்கல் நீரில் இது பயன்படாது. 2024-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் செலுத்தும் பச்சை லேசர் ஒளியைக் கொண்டு, தலைமன்னார் நோக்கிச் செல்லும் அம்மணல் திட்டு வரிசையான ஆதாம் பாலத்தின் 29 கிலோமீட்டர் நீளத்தை வரைந்து, அதன் 99.98 விழுக்காடு ஆழமற்ற நீருக்குள் அமிழ்ந்திருப்பதைக் காட்டினர்.

1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. எஞ்சியவற்றின் பரப்பை அளக்க விரும்புவோர்க்கு 1984 முதலான லேண்ட்சாட்-5 படங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் ஒரு புள்ளி 30 மீட்டர் என்பதால், 2 ஹெக்டேர் தீவு ஏறக்குறைய 22 புள்ளிகளாகவே தெரியும். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கரையோரத்தில் நீரும் மணலும் கலந்தவை. அதே தீவு சென்டினல் படத்தில் 200 புள்ளிகளாக விரிவதால், அன்று அவ்வளவு, இன்று இவ்வளவு என்று இரு எண்களை மட்டும் தரும் அறிக்கை போதாது. கரையோரப் புள்ளிகளைத் தனியே எண்ணி, அவற்றால் நேரக்கூடிய பிழையின் அளவையும் நிரல் உடன் அச்சிட வேண்டும்.