பருவமும் பாவலனும்

கார்மேகம் கண்டால் கவிஞனுக்குக் கவிதை பிறக்கும் என்பர். நம் முன்னோரும் முல்லைக்குக் கார்காலத்தையும் குறிஞ்சிக்குக் கூதிர்காலத்தையும் உரிய பெரும்பொழுதுகளாக வகுத்தனர். ஆயினும், எழுதுவோனின் உள்ளத்து ஊற்றைத் திறப்பது பருவந்தானா? ஆங்கிலக் கவிஞரும் சேசு சபைக் குருவுமான ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் அடிகளாரின் வாழ்வைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

1844-ல் பிறந்த இவர், 1866-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1868-ல் சேசு சபை புகுமுன், தாம் இயற்றிய கவிதைகளை எரித்தார். அடுத்த ஏழாண்டுகள் ஏறக்குறைய மௌனமே. அவ்வாண்டுகளில் வசந்தம் வராமலில்லை, பனி பெய்யாமலில்லை. மேகங்களின் வடிவையும் மரங்களின் அமைப்பையும் நாட்குறிப்பில் நுணுக்கமாக எழுதியே வந்தார். எனினும், மேலாளரின் விருப்பமின்றிக் கவி புனைவது தம் அழைத்தலுக்குப் பொருந்தாது எனக் கருதினார்.

1875 டிசம்பரில் ‘டாய்ச்லாந்து’ என்னும் கப்பல் பனிப்புயலில் சிக்கி, தேம்ஸ் நதியின் முகத்துவாரத்தை அடுத்த மணல்திட்டில் மோதியது. ஜெர்மனியின் சமயச் சட்டங்களால் நாடு துறந்த ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர் அதில் மாண்டனர். வேல்ஸ் நாட்டில் இறையியல் பயின்றுகொண்டிருந்த ஹாப்கின்ஸ் நெஞ்சுருகினார். இதுபற்றி யாரேனும் பாடினால் நன்று என இல்ல அதிபர் கூற, அச்சொல்லே அவருக்கு உத்தரவாயிற்று. நெடுங்கவிதை ஒன்று பிறந்தது. சேசு சபையாரின் திங்களிதழோ அதனை வெளியிடவில்லை!

ஆயினும் ஊற்று மீண்டும் அடைபடவில்லை. குருப்பட்டம் பெற்ற 1877-ம் ஆண்டில், வேல்ஸ் நாட்டு வசந்தமும், காற்றில் நின்று பறக்கும் வல்லூறும், அறுவடைக்கால வானமும் அவர் கவிதைகளாயின.

பிற்காலமோ இதற்கு நேர்மாறானது. 1884 முதல் டப்ளினில் பேராசிரியர் பணி; விடைத்தாள் திருத்தும் சுமை; உடல்நலிவு; மனச்சோர்வு. 1889 மார்ச்சில் எழுதிய கவிதையில், வெளியே யாவும் தளிர்க்கத் தாம் மட்டும் பயனற்றிருப்பதாகக் கடவுளிடமே முறையிடுகிறார். வசந்தம் வந்தும் உள்ளம் வறண்டிருந்தது. ஆனால் அவ்வறட்சியே செபமாயிற்று, அச்செபமே கவிதையாயிற்று. அவ்வாண்டு ஜூன் 8-ம் நாள், 44-ம் வயதில், டைபாய்டு காய்ச்சலால் இறைவனடி சேர்ந்தார். 1918-ல்தான் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் அவர் கவிதைகளை நூலாக வெளியிட்டார்.

இதிலிருந்து நாம் உணர்வதென்ன? பருவம் எழுத்தாளனுக்குப் பொருளைத் தருகிறது, கண்ணைத் திறக்கிறது. ஆனால் எழுதவைப்பது அது மட்டுமன்று. புயலடித்தபோது கீழ்ப்படிதல் அவரை எழுதவைத்தது. வசந்தம் பொய்த்தபோது விசுவாசம் எழுதவைத்தது.

நம் இல்லங்களிலும் செபமாலை சொல்ல மனம் எழாத மாலைகள் உண்டு; தொலைவிலுள்ள பிள்ளைக்கு நான்கு வரி எழுதக் கை வராத நாட்களும் உண்டு. மனம் மலரும் வேளைக்காகக் காத்திராமல், வறண்ட நெஞ்சை வறண்டபடியே ஆண்டவர் திருமுன் வைப்போம். அதையும் அவர் செபமாக ஏற்றுக்கொள்வார்.