தொப்பூர் இறக்கமும் எங்கள் ரெக்கவரி வண்டியும்

எங்கள் ரெக்கவரி வண்டியின் எஞ்சின் இன்னமும் அருமையாக இருக்கிறது. முடிவெடுக்காமல் இத்தனை காலம் தள்ளிப்போட்டதற்கு அதுதான் காரணம்.

2006 மாடல் பத்துச் சக்கர வண்டி. டாரஸ் என்று ரோட்டில் சொல்வார்களே, அந்த ரகம். அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கி, நாமக்கல் பட்டறையில் கிரேனும் வின்ச்சும் ஏற்றினார். இப்போது ஓட்டுவது தம்பி. கணக்கு, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழ், இன்சூரன்ஸ் எல்லாம் என் பொறுப்பு. தர்மபுரியிலிருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயில் பிரேக் காய்ந்தோ கியர் விழாமலோ லாரி நின்றால் எங்களைப் போன்றவர்களுக்குப் போன் வரும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்கள் இருக்கும் வரை அந்தப் போன் நிற்கப் போவதில்லை.

வண்டியை மாற்றுவதா, இன்னும் ஓட்டுவதா? இந்தக் கேள்வி வந்தால் எங்கள் தொழிலில் முதலில் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். புகை எப்படி, ஆயில் தின்கிறதா, இழுவை இருக்கிறதா. என்னைக் கேட்டால் எஞ்சினைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். லைனர், பிஸ்டன் மாற்றி, பம்பையும் நாசிலையும் சரிபார்த்தால் எஞ்சின் புதுசாகிவிடும். மற்ற பாகங்களுக்கு அந்த வசதி கிடையாது.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். நின்றுபோன லாரியின் முன்பக்கத்தை அண்டர்லிஃப்ட் கையால் தூக்கி, பின் சக்கரங்களை உருளவிட்டுக் கொண்டுபோவோம். கிளம்பும் முன் அந்த லாரியின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியாக வேண்டும். எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் உருண்டால், கியர் பாக்ஸில் மேல் ஷாஃப்ட் சுற்றும். ஆயிலை வாரியிறைக்கிற கீழ் ஷாஃப்ட் சும்மா நிற்கும். அப்படியே இழுத்துப் போனால் பேரிங் காய்ந்து கருகும். அடுத்தது பிரேக். லாரியில் காற்று இருந்தால்தான் பிரேக் விடும். காற்று இறங்கினால் பின் சக்கரத்து ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் டேங்கிலிருந்து ஹோஸ் போட்டுக் காற்று கொடுத்து அதை விடுவிக்கிறோம். சர்வீஸ் லைனையும் சேர்த்துவிட்டால் தம்பி பெடலை மிதிக்கும்போது அந்த லாரியும் பிரேக் பிடிக்கும். விபத்தில் லைன் உடைந்திருந்தால் அதற்கு வழியில்லை. ஸ்பிரிங்கை போல்ட் போட்டுச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் நகர்த்த முடியும். அப்போது அந்த லாரிக்குப் பிரேக் என்பதே கிடையாது. சரக்கோடு சேர்த்து மொத்த எடையையும் எங்கள் வண்டிதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதுவும் இறக்கத்தில்.

ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்கும்போது டிரம், லைனர், ஸ்லாக் அட்ஜஸ்டர், கம்ப்ரஸர், டயர், சேஸி எல்லாம் சேர்ந்து பிடித்தால்தான் வண்டி நிற்கும். எங்கள் வண்டியின் கம்ப்ரஸர் டேங்கை நிரப்ப இப்போது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நான்கைந்து முறை தொடர்ந்து பெடலை மிதித்தால் காற்று மீட்டரின் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. இதையாவது காசு போட்டுச் சரிசெய்யலாம்.

காசு போட்டும் தீராதது எடைக் கணக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. டிரெய்லர்களின் உச்ச வரம்பு 49-இலிருந்து 55. எங்களுக்கு முக்கியமானது, இரண்டு டயர் மாட்டிய முன் அச்சுக்கு இருந்த 6 டன் வரம்பு ஒரு டன்னாவது உயர்ந்தது. ஏனென்றால் நாங்கள் தூக்குவது அந்த முன்பக்கத்தைத்தான்.

ஒரு டன்தானே என்று தோன்றும். பின்னால் எடையைத் தூக்கும்போது முன்பக்கம் லேசாகும். முன் அச்சுக்கும் பின் அச்சுகளின் நடுவுக்கும் 5 மீட்டர், அங்கிருந்து தூக்கும் இடத்துக்கு 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 6 டன் தூக்கினால் முன் அச்சிலிருந்து 3 டன் போய்விடும். பின் அச்சில் 9 டன் ஏறும். 7 டன் தூக்கினால் முன்னால் போவது 3.5 டன். கிரேன் ஏற்றிய வண்டிக்கு முன்னால் வெறும் எடை 6 டன் இருக்கிறதென்றால், மிஞ்சுவது இரண்டரை. முன் அச்சில் பாதி எடையாவது தங்க வேண்டும் என்பது தொழிலில் பலர் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் கைக்கு லேசாக இருக்கும், திருப்பினால் வண்டி கேட்காது, முன் சக்கரப் பிரேக்கும் ரோட்டைப் பிடிக்காது. மழை நாளில் கணவாய் வளைவில் இதை நினைத்துப் பாருங்கள்.

வண்டிக்கு வயதானதைவிட, அது தூக்க வேண்டிய லாரிகள் பெரிதாகிவிட்டதே எங்களுக்கு வந்த சிக்கல் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உறைத்தது. எஞ்சின் எத்தனை நன்றாக இருந்தாலும் இந்த இரண்டரை டன் மூன்றாகாது.

சேஸி விஷயம் இதோடு சேர்ந்துகொண்டது. வண்டியைக் கழுவும்போது பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு மேலே பெயின்டில் செம்பழுப்பாக ஒரு மெல்லிய கோடு இருப்பதைத் தம்பி பார்த்தான். பட்டறை மேஸ்திரி அந்த இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, சற்று விட்டுத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் முடி கனத்துக்கு ஈரக் கோடு ஒன்று எழுந்தது. போல்ட் துளையிலிருந்து கீழ்ப்பக்கம் சாய்ந்து விரல் நீளத்துக்கு. இரும்புக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து விரிசலைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அம்மிணி, நுனியில துளை போட்டு நிறுத்தி, வெல்டு வெச்சு, உள்ளாற பிளேட் குடுத்துரலாம். பிடிக்கும். ஆனா வெல்டுக்குப் பக்கத்துல மறுக்கா விடுமுங்க. சூடு பட்ட இரும்பு பழைய இரும்பாகாது" என்றார். பிளேட் போட்டோம். அதற்குப் பிறகு லோடு ஏற்றிய பெரிய லாரிக்குப் போன் வந்தால் வேறு ஆளின் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம்.

இனி காசு. பழைய வண்டி செலவு வைக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் டயர், டீசல், பிரேக் லைனர், டிரைவர் சம்பளம் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுகிறார்கள். அவை புது வண்டிக்கும் உண்டு. என் நோட்டில் வயதால் வந்த செலவை மட்டும் தனியாக எழுதுகிறேன்: சேஸி, வயரிங், ஏர் லைன், கேபின் துரு. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம். 2021 அக்டோபர் அறிவிப்பு, 15 வருடம் தாண்டிய லாரிக்கு அந்தக் கட்டணத்தை 1,500 ரூபாயிலிருந்து 12,500 ஆக்கியது. இவற்றோடு, போகமுடியாமல் விட்ட அழைப்புகளின் வருமானத்தையும் எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வரியைத்தான்.

எதிர்ப்பக்கத்தில் தவணை. 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் சுமார் 85,000 ரூபாய். எங்கள் தொழிலில் மழைக்காலம் ஒரு மாதிரி, கோடை ஒரு மாதிரி. தவணைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது பெரிய ஆறுதல். அந்த அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்பதையும் நான் மனதார வரவேற்கிறேன். டிரைவர்கள் உட்காரும் சூடு எனக்குத் தெரியும்.

ஆனாலும் புது வண்டியில் எங்களுக்கு ஒரு தடை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 என்ற புகைத் தரத்துக்கான எஞ்சின்கள்தான் விற்பனை. அவற்றின் சைலன்சரில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதை உள்ளேயே எரித்துத் தள்ள 500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நெடுந்தூரம் லோடோடு ஓடும் லாரிக்கு அந்தச் சூடு சுலபமாகக் கிடைக்கும். எங்கள் வண்டி கொஞ்ச தூரம் ஓடும். பிறகு வின்ச்சுக்காக எஞ்சின் ஓடியபடி மணிக்கணக்கில் நிற்கும். சூடேறாமல் கரி மட்டும் சேரும். நின்ற இடத்தில் எரிக்க ஸ்விட்ச் உண்டு. ஆனால் பாதி தூக்கிய லாரியோடு கணவாயில் நிற்கும்போது அதற்கு நேரம் ஒதுக்க முடியாது. காற்றுக்கு பி.எஸ்.6 தான் நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தம்பியே அந்தப் புகைக்குப் பக்கத்தில் நின்றுதான் கொக்கி மாட்டுகிறான். எங்கள் ஓட்டம் நீண்டதாக இருந்தால் யோசிக்காமல் புதுசு வாங்கியிருப்பேன்.

ஆகவே நாங்கள் தேடுவது 2018 ஜூலைக்குப் பின், 2020 மார்ச்சுக்குள் வந்த பி.எஸ்.4 சேஸி. புதிய எடை வரம்புக்குச் செய்தது, ஏ.பி.எஸ். உள்ளது, கரி வடிகட்டி இல்லாதது. யூரியா ஊற்றத் தேவையில்லாத எஞ்சினும் அந்தக் காலத்தில் உண்டு. அச்சு இடைவெளி எங்கள் வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. முன்னால் மிஞ்சும் எடை அதைப் பொறுத்தது. சங்ககிரியில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். மேஸ்திரி மண்ணெண்ணெய் பாட்டிலோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிரேனை இறக்கி அதில் ஏற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அதை வாங்கிய பிறகுதான் பட்டறைக்குப் போக முடியும்.

பழைய வண்டியை அப்படியே கேட்டு ஆள் வருகிறது. எஞ்சினுக்காகவே நல்ல விலை சொல்கிறார்கள்.

"குடுத்துரலாம்க்கா, வெல்டு போட்டதைச் சொல்லிட்டே குடுக்கலாம்" என்கிறான் தம்பி.

வாங்குகிறவர் அடுத்தவருக்குச் சொல்வாரா என்று கேட்டேன். அந்தச் சேஸி மறுபடி எடை தூக்கிக்கொண்டு இறக்கத்தில் வரக்கூடாது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யை ரத்து செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். எஃப்.சி. ஆகஸ்டில் முடிகிறது, அதற்குள் கிரேனை இறக்கியாக வேண்டும்.