சைக்கிளுக்கு வேண்டியது வேகம் குறைந்த வீதி

1990களில் யாழ்ப்பாணமே சைக்கிளில் போனது. தட்டையான நிலம் அதற்கு உதவியது. ஆனால் பொருளாதாரத் தடையால் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் குறைந்திருந்ததே முக்கிய காரணம். 2022 எரிபொருள் நெருக்கடியிலும் சைக்கிள்கள் திரும்பி வந்தன. பெற்றோல் கிடைத்ததும் வீதிகள் மீண்டும் மோட்டார் வாகனங்களுக்கே உரியவையாகின.

தட்டுப்பாடு இல்லாமலும் இது சாத்தியம் என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். கார்கள் பெருகிய அந்நாட்டில் 1971இல் மட்டும் 400இற்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீதி விபத்துகளில் இறந்தனர். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினர். அடுத்து வந்த ஆண்டுகளில் பிரதான வீதிகளில் சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் அமைந்தன. குடியிருப்பு வீதிகள் பலவற்றில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராகக் குறைக்கப்பட்டது.

வாகனத்தின் வேகம் இரட்டிப்பானால் அதன் மோதல் சக்தி நான்கு மடங்காகும். எனவே வெறும் வெள்ளைக் கோடு போதாது என்பது என் கருத்து. பிரதான வீதிகளில் கட்டு வைத்துப் பிரித்த பாதை வேண்டும். பாடசாலை, ரியூசன் ஒழுங்கைகளில் வேகத்தடையும், பஸ் நிலையத்தில் பாதுகாப்பான சைக்கிள் தரிப்பிடமும் வேண்டும். பத்து வயதுப் பிள்ளையைப் பயமில்லாமல் தனியாகச் சைக்கிளில் அனுப்ப முடிகிறதா என்பதே ஒரு நகரத்துக்கான பரீட்சை.