பௌத்தர் அனைவரும் ஒரு முகத்தினர் அல்லர்

2019ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் பத்தாவது ஆண்டு நினைவேந்தல் இடம்பெற்றது. அன்றே வெசாக் பௌர்ணமியுமாகும். ஒரே நாளில், ஒரே தீவில், ஒரு சாரார் தம் பிள்ளைகளுக்காகச் சுடரேற்ற, மற்றொரு சாரார் புத்தரின் பிறப்பையும் ஞானத்தையும் பரிநிர்வாணத்தையும் நினைந்து விளக்கேற்றினர்.

பௌத்தர் என்ற சொல் வன்னி மக்களின் நெஞ்சில் எழுப்பும் காட்சிகள் நாமறிந்தவை. படைமுகாம் வாயிலில் வீற்றிருக்கும் சிலை. தொல்லியல் திணைக்களத்தின் அறிவித்தற் பலகை. 2019 செப்ரெம்பரில் செம்மலை நீராவியடிப் பிள்ளையார் ஆலயச் சூழலில் நீதிமன்றக் கட்டளையை மீறி எரியூட்டப்பட்ட பிக்குவின் உடல். குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, 2023 செப்ரெம்பரில் உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டிப் பதவி துறந்து நாட்டைவிட்டே வெளியேறினார். இம்மக்களின் அச்சத்தை மிகையென ஒதுக்கிவிட எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும், அதிகாரத்தின் பௌத்தம் வேறு, சாதாரண மனிதர் வாழ்ந்த பௌத்தம் வேறு. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் உள்ள பிராமிக் கல்வெட்டொன்று, துறவிகளுக்குக் குகை வழங்கிய விசாகன் என்னும் வணிகனைக் குறிப்பிடுகின்றது. அவன் 'தமேட', அதாவது தமிழன், என அக்கல்வெட்டே கூறுகின்றது. அநுராதபுரத்தில் தமிழ்க் குடும்பத்தலைவர்கள் அமைத்த மேடையொன்றின் கல்வெட்டில் கப்பல் தலைவன் ஒருவனுக்கும் இருக்கை குறிக்கப்பட்டுள்ளது. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற திருகோணமலை வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுக்களோ, விளக்கெரிக்கப் பசுக்களைத் தானஞ்செய்த அடியார்களைப் பற்றிப் பேசுகின்றன. வன்னியிலும் கிழக்கிலும் கிடைக்கும் பௌத்தச் சின்னம் யாவும் ஓரினத்துக்கே உரியதெனச் சாதிப்போர் இக்கல்வெட்டுக்களை ஒருமுறையேனும் வாசித்துப் பார்ப்பது நன்று. எமது நிலத்தில் பௌத்தமே இருந்ததில்லை என்று மறுப்போருக்கும் அவற்றில் விடை உண்டு.

பிற்காலத்திலும் தமிழர் பௌத்தத்தை நாடியுள்ளனர். காரணம் மட்டும் வேறு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை வந்து பௌத்தம் தழுவினார். சாதி இழிவுக்கு விடைதேடியே வந்தார். 1956 ஒக்டோபர் 14ஆம் நாள் நாக்பூரில் அம்பேத்கருடன் இலட்சக்கணக்கானோர் எடுத்த முடிவும் அத்தகையதே. 1960களில் யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் பௌத்தராயினர். ஆலயக் கதவுகளை அவர்களுக்கு எதிரே சாத்தியவர்கள் சிங்களவர் அல்லர், நாமே. இதனை நாம் வாய்விட்டுப் பேசுவது அரிது.

தென்னிலங்கைப் பௌத்தரும் ஒரே வார்ப்பினர் அல்லர். சியாம் நிக்காய உயர்சாதியினரான கொவிகமவினருக்கு மட்டுமே உபசம்பதா வழங்கியதனால், ஏனைய சாதியினர் பர்மா சென்று துறவு பெற்று வந்து அமரபுர நிக்காயவை நிறுவினர். பெண்களுக்கான பிக்குணி சாசனம் பல நூற்றாண்டுகளாக அற்றுப்போயிருந்து, 1990களிலேயே மீண்டும் துளிர்த்தது. அதற்கும் பௌத்த பீடங்களின் அங்கீகாரம் எளிதிற் கிட்டவில்லை.

இவற்றுள் எம்மை நெடுநேரம் நிறுத்திவைப்பது தாய்மாரின் கதை. 1987 முதல் 1989 வரையிலான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கில் பல்லாயிரம் இளைஞர் காணாமற்போயினர். அவர்களின் அன்னையர் 'அன்னையர் முன்னணி' என்ற பெயரில் அணிதிரண்டனர். நாளும் புத்தருக்கு மலர் வைத்து வணங்கிய அப்பெண்கள், 1992இல் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலுக்குச் சென்று, பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைத் தண்டிக்குமாறு முறையிட்டு அழுதனர். புத்தரிடம் சாபம் கேட்க இயலாதல்லவா? அதனாலேதான் தமிழரின் காளியிடம் போயினர். கால் நூற்றாண்டு கழிந்து, 2017 பெப்ரவரியில், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் எமது தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்தபோது கேட்டதும் அதே கேள்வியைத்தான்.

இந்த இரு தாய்மாரும் ஒருவரையொருவர் அறியவேண்டிய அளவுக்கு இன்னமும் அறியவில்லை. 2022 மே 18ஆம் நாள் காலிமுகத்திடலில், அரசுக்கு எதிரான போராட்டக் களத்தில், முள்ளிவாய்க்காலில் மாண்டோர் நினைவுகூரப்பட்டனர். உப்பிட்ட கஞ்சி அங்கும் பரிமாறப்பட்டது. அதை வாங்கிக் குடித்தவர்களில் சிங்களப் பௌத்தரும் இருந்தனர்.